புது ப்ராசஸர் போட்ட பின் அணைந்து அணைந்து எழும் கணினி

கேள்வி: மன்னார்குடியில் புகைப்பட, வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். 2019 கடைசியில் வாங்கிய கணினியில்தான் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துவந்தேன். ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, கேபினட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), 600 விஏ யுபிஎஸ். ஒரு நாளும் தொல்லை தந்ததில்லை. 4கே பதிவுகளுக்கு வேகம் போதாமல் போன மாதம் ரைசன் 7 5800எக்ஸ் வாங்கிப் போட்டேன். கூடவே 16 ஜிபி ராம் இரண்டு சேர்த்தேன். கடையில் பயாஸை, அதாவது மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை, புதுப்பித்து, பழைய கூலரையே மாட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நிம்மதி இல்லை. ரெண்டர் கொடுத்தால் பத்து நிமிடத்துக்குள் சட்டென்று அணைந்து மீண்டும் எழுகிறது. சும்மா இருக்கும்போதும் சில சமயம் நீலத்திரை வருகிறது. விண்டோஸை ஃபார்மெட் செய்தும் பயனில்லை. ப்ராசஸர் கெட்டது என்கிறார் மாட்டிக் கொடுத்தவர். மதர்போர்டு பழையது என்கிறார் ப்ராசஸர் விற்றவர். தை முகூர்த்தப் பதிவுகள் முடிக்காமல் கிடக்கின்றன. பழைய ப்ராசஸரையே போட்டுவிடலாமா? மதர்போர்டை மாற்றலாமா?

பதில்: இரண்டுக்கும் பிறகு வருகிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கணினியில் ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். இன்னும் காலி செய்யாத மெமரி கார்டுகள் இருந்தால் அவற்றைப் பூட்டி வையுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு வேறு கார்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கணினி அணைவது உங்களுக்குத் தெரிகிற தொல்லை. தெரியாத தொல்லை ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குக் கவலை. ராமில் ஒரு பிட் (ஒரு 0 அல்லது 1) பிறழ்ந்தால் கணினி உடனே நின்றுவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நிற்காது. பிறழ்ந்த பிட் விண்டோஸ் பயன்படுத்தும் இடத்தில் விழுந்தால் நீலத்திரை வரும். நீங்கள் நகலெடுத்துக்கொண்டிருக்கும் வீடியோவின் நடுவே விழுந்தால் ஒரு சத்தமும் வராது. கோப்பு கெட்ட நிலையிலேயே டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு மாதம் கழித்து டைம்லைனில் இழுத்துப் போடும்போது, மாங்கல்யதாரணம் நடக்கும் இடத்தில் பச்சைப் பட்டை தெரியும். அந்த முகூர்த்தத்தை யாராலும் திரும்ப நடத்த முடியாது. ப்ராசஸரை மாற்றலாம், மதர்போர்டை மாற்றலாம். அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பதிவுக்கு மாற்று கிடையாது.

ஆகவே, புது ப்ராசஸர் போட்ட நாளுக்குப் பின் இந்தக் கணினி வழியாக நகலெடுத்த பதிவுகள் எல்லாவற்றையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள். கார்டில் மூலம் இன்னும் இருந்தால், நம்பகமான வேறொரு கணினியிலோ மடிக்கணினியிலோ வைத்து, புதிய வெளி டிஸ்க் ஒன்றுக்கு மறுபடி நகலெடுங்கள். நகல் மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) பார்த்துச் சொல்லும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. கோப்பின் அளவு ஒன்றாக இருப்பது மட்டும் போதாது, கெட்ட கோப்பும் அதே அளவில்தான் இருக்கும். கார்டை ஏற்கெனவே அழித்துவிட்டீர்கள் என்றால், டிஸ்க்கில் உள்ள பிரதிதான் மூலம். அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டு, முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இனி நான் சொல்லப்போகும் சோதனைகள் முடியும்வரை பதிவுகள் இருக்கும் டிஸ்க் எதுவும் இந்தக் கேபினட்டுக்குள் இருக்க வேண்டாம். விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டி ஒன்று போதும். அவசரமான வேலைகளை ஊரில் உள்ள வேறு ஸ்டூடியோ நண்பரின் கணினியில் ரெண்டர் செய்து கொடுத்துவிடுங்கள். கல்யாண வீட்டாருக்கு இரண்டு வாரம் தாமதம் என்பதைப் பொறுத்துக்கொள்ள முடியும்.

இனி நோயைப் பார்ப்போம். கெட்டது ப்ராசஸர் என்றும் மதர்போர்டு என்றும் இருவர் சொன்னதில், இரண்டுமே இன்னும் சோதித்துச் சொன்ன பேச்சு அல்ல. ஒரு கணினியில் இருக்கும் பாகங்களுள் மிக அரிதாகப் பழுதாவது ப்ராசஸர்தான். ஆனால் ப்ராசஸரை மாற்றியதும் அதைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றின் மீதும் புதுச் சுமை ஏறுகிறது. வாய்க்காலில் தண்ணீரைக் கூட்டித் திறந்தால் உடைப்பு மதகில் எடுப்பதில்லை. கரை எங்கே ஏற்கெனவே பலவீனமோ அங்கேதான் எடுக்கும். உங்கள் பழைய 2600, 65 வாட் வகை. சாக்கெட் வழியாக 88 வாட் வரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி. 5800எக்ஸ் 105 வாட் வகை. 142 வாட் வரை எடுக்கும். தொடர்ந்து 95 ஆம்பியர், ஒரு கணத்துக்கு 140 ஆம்பியர் வரை இழுக்கும். இத்தனை வருடம் 88 வாட்டைத் தாங்கியே பழகிய எஸ்எம்பிஎஸ், கூலர், மதர்போர்டு மூன்றும் ஒரே நாளில் இதற்கு ஈடுகொடுக்க வேண்டியதாயிற்று.

அதோடு, ஒரே நாளில் ப்ராசஸர், ராம், பயாஸ் மூன்றையும் மாற்றிவிட்டார்கள். எது மாறியதால் கெட்டது என்று கண்டுபிடிக்கும் வழியை அதுவே அடைத்துவிட்டது. என் அனுமானம், உங்கள் கணினிக்கு இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. ரெண்டரில் சட்டென்று அணைவது ஒன்று. அது மின்சாரத்தின் பக்கம் கை காட்டுகிறது. சும்மா இருக்கும்போது வரும் நீலத்திரை இன்னொன்று. அது ராமின் பக்கம். இரண்டுக்கும் ஒரே காரணத்தைத் தேடினால்தான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், எதுவும் பொருந்தாது.

அனுமானத்தைச் சரிபார்க்க விண்டோஸே குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பகுதியில் அணைந்த நேரத்துக்குப் போங்கள். கெர்னல் பவர் 41 என்ற சிவப்புக் குறிப்பு இருக்கும். இதைப் பார்த்ததும் ‘பவர் என்று போட்டிருக்கிறது, எஸ்எம்பிஎஸ் போய்விட்டது’ என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது தவறு. முறையாக மூடாமல் கணினி நின்றது என்பதைத் தவிர 41 வேறு எதையும் சொல்லவில்லை. சுவிட்சை நீங்களே அணைத்தாலும் அதே 41தான் வரும். அதன் விவரங்களுக்குள் பக்செக் கோட் என்று ஒரு வரி இருக்கிறது. அங்கே பூஜ்யம் இருந்தால், விண்டோஸுக்கு நீலத்திரை காட்டக்கூட அவகாசம் இல்லாமல் மின்சாரம் அறுந்தது, அல்லது வன்பொருள் தானே மீட்டமைத்துக்கொண்டது என்று பொருள். எண் ஏதாவது இருந்தால் அது நீலத்திரையின் அடையாளம்.

அடுத்து, அதே நேரத்தை ஒட்டி டபிள்யூஎச்இஏ லாகர் என்ற பெயரில் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். இது ப்ராசஸர் தன் வாயால் சொல்லும் புகார். 19 என்ற எண் இருந்தால், பிழை வந்தது, திருத்திக்கொண்டேன் என்று பொருள். ராம் வேகத்தோடு சேர்ந்து ஓடும் உள் இணைப்பு திணறும்போது இது வருவதுண்டு. 18 இருந்தால் திருத்த முடியாத பிழை. அதில், பிழை ப்ராசஸரின் எந்தக் கோரில் வந்தது என்று காட்டும் ப்ராசஸர் ஏபிஐசி ஐடி என்ற ஓர் எண் போட்டிருக்கும். அந்த எண்ணை ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். கடைசியில் ப்ராசஸரைக் குற்றவாளி என்று சொல்வதா, விடுவிப்பதா என்பதை அந்த எண்கள்தான் தீர்மானிக்கும்.

இப்போது கணினியை அடிப்படை நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். பயாஸைத் தொடும் முன் ஒரு எச்சரிக்கை: விண்டோஸில் டிஸ்க் பூட்டு, அதாவது பிட்லாக்கரோ டிவைஸ் என்க்ரிப்ஷனோ இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ப்ராசஸரை மாற்றும்போதும் பயாஸைப் புதுப்பிக்கும்போதும் அந்தப் பூட்டின் நினைவு அழியக்கூடும். சாவி இல்லாவிட்டால் சொந்த டிஸ்க்குக்குள் நீங்களே போக முடியாது. பிறகு பயாஸில் இயல்புநிலை அமைப்புகளை ஏற்றுங்கள். ராம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அணைந்திருக்க வேண்டும். சில போர்டுகளில் அதற்கு டிஓசிபி என்று பெயர். மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்குரிய பயாஸ் பட்டியலில் இன்னும் புதிய பதிப்பு இருந்தால் ஏற்றிக்கொள்ளலாம். பி450 வந்தது 2018-ல், 5800எக்ஸ் வந்தது 2020 நவம்பரில். இந்த இணைக்கான தொடக்ககாலப் பயாஸ்களைவிடப் பின்னால் வந்தவை பக்குவமானவை. ஆனால் பயாஸ் ஏற்றும் நடுவே இந்தக் கணினி அணைந்தால் மதர்போர்டே போய்விடும். ஆகையால் ராம் சோதனை முடித்து, சும்மா இருக்கும்போது நிலையாக நிற்கிறது என்று தெரிந்த பிறகு, மின்வெட்டு அறிவிப்பு இல்லாத நாளில் செய்யுங்கள்.

ராமுக்கு வருவோம். நான்கு இடத்திலும் ராம் செருகியிருக்கிறீர்கள். இரண்டு 8, இரண்டு 16, இரண்டு வேறு காலத்தில் வாங்கியவை. பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும், நான்கையும் சேர்த்து அந்த வேகத்தில் ஓட்டலாம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இந்த வரிசை ப்ராசஸருக்கு ஏஎம்டி சொல்லும் கணக்கே அப்படி: இரண்டு ராம் என்றால் 3200, நான்கு என்றால் சில்லுகள் ஒற்றை வரிசையில் உள்ளவற்றுக்கு 2933, இரட்டை வரிசையில் உள்ளவற்றுக்கு 2667. அதற்கு மேல் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம். கடையில் எக்ஸ்எம்பியை இயக்கி 3200-ல் விட்டிருந்தால், சும்மா இருக்கும்போது வரும் நீலத்திரைக்கு வேறு காரணமே தேட வேண்டியதில்லை.

புது ராம் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, பழைய 8 ஜிபி இரண்டை மட்டும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகுங்கள். கழற்றும்போதே அவற்றின் தங்க முனைகளைப் பாருங்கள். நம் பக்கத்து ஈரக்காற்றில், முக்கியமாக ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு, முனைகளில் மங்கல் படர்ந்திருப்பதைப் பார்க்கலாம். அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். துகள்கள் ஸ்லாட்டுக்குள் விழும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணி போதும். பிறகு மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசச் சோதனையைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அது தேர்ச்சி இல்லை. ஒன்றுதானே என்று விட்டுவிடக் கூடாத இடம் இது. பிழை இல்லையென்றால், பழையவற்றை எடுத்துவிட்டுப் புதியவை இரண்டை அதே இடங்களில் வைத்து அதே சோதனை. பிழை வந்தால் ஒவ்வொன்றாக, ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ராமில் மட்டும் பிழை வந்தால் அந்த ராம் கெட்டது. எந்த ராமை வைத்தாலும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பிழை வந்தால் சந்தேகம் ஸ்லாட்டுக்கோ ப்ராசஸரின் ஊசிகளுக்கோ போகிறது. அந்த ஊசிகளைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கடைசியில் என்ன வைத்துக்கொள்வது? என் யோசனை: புது 16 ஜிபி இரண்டும் தேறினால் அவை மட்டும் போதும். 32 ஜிபி கல்யாண வேலைக்குத் தாராளம். பழைய இரண்டை விற்றுவிடுங்கள். நான்கையும் வைத்தே தீர வேண்டும் என்றால் 2667-ல் ஓட்டுங்கள்; ரெண்டர் நேரத்தில் நீங்கள் உணரும் அளவுக்கு இழப்பு இருக்காது.

ரெண்டரில் அணையும் தொல்லைதான் பெரியது. அதில் எனக்கு முதல் சந்தேகம் கேபினட்டோடு வந்த அந்த எஸ்எம்பிஎஸ் மேல். 450 வாட் போதாதா என்று கேட்பீர்கள். கணக்குப்படி போதும். ஆனால் 450 என்பது எல்லா மின்னழுத்தங்களையும் கூட்டி, சில நேரம் கொஞ்சம் கற்பனையும் சேர்த்து, அட்டையில் அச்சிட்ட எண். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது 12 வோல்ட் பாதையில் மட்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் கிடைப்பது 216 வாட்தான். உங்கள் தேவை என்ன? ப்ராசஸருக்கு 142, மதர்போர்டு அதைப் பக்குவப்படுத்தும்போது வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் 160-ஐ ஒட்டி. 1660 சூப்பருக்கு 125. மின்விசிறி, டிஸ்க் எல்லாம் சேர்த்தால் 300 வாட்டைத் தொடும். அதாவது 25 ஆம்பியர். ஆறு ஏழு வருடம் டெல்டாவின் வெயிலையும் ஈரத்தையும் தாங்கி, உள்ளே கெபாசிட்டர்கள் களைத்துப்போன மலிவான எஸ்எம்பிஎஸ்ஸிடம் அதைக் கேட்டால், அது தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. அணைந்தது நல்லதே. அணையாமல் தாங்கப் பார்க்கும் மோசமான எஸ்எம்பிஎஸ், போகும்போது மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகும்.

காசு செலவில்லாமல் இதை உறுதிசெய்ய வழி உண்டு. பயாஸில் ஈகோ மோட் என்ற அமைப்பைத் தேடி 65 வாட்டைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ப்ராசஸர் எடுக்கும் வாட்டுக்கு எல்லை வைக்கும் பிபிடி என்ற வரம்பில் 88 என்று கையால் கொடுங்கள். 5800எக்ஸ் இப்போது உங்கள் பழைய ப்ராசஸர் எடுத்த மின்சாரத்துக்குள்ளேயே வேலை செய்யும். இந்த நிலையில் ரெண்டர் அணையாமல் முடிந்தால் ப்ராசஸரும் விண்டோஸும் பெரும்பாலும் நல்லவை. பிரச்சினை மின்சாரத்திலோ வெப்பத்திலோ இருக்கிறது. இன்னும் துல்லியமாகப் பார்க்க வேண்டுமென்றால், வரம்பை எடுத்துவிட்டு, ப்ராசஸரை மட்டும் வேலை வாங்கும் சினிபெஞ்ச்சை அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு அதை நிறுத்திவிட்டு கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் வேலை வாங்கும் ஃபர்மார்க்கை ஓட்டுங்கள். தனித்தனியே தாங்கி, இரண்டும் சேர்ந்து ஓடும்போது மட்டும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. கருகிய வாடை வந்தாலோ சீறல் சத்தம் கேட்டாலோ சோதனையைத் தொடர வேண்டாம், சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

மூடியைத் திறந்திருக்கும்போதே மதர்போர்டின் மேல் ஓரத்தில் ப்ராசஸருக்கு மின்சாரம் போகும் கனெக்டரைப் பாருங்கள். எட்டு ஊசிக்கு இடம் இருந்தும், எஸ்எம்பிஎஸ்ஸில் நான்கு ஊசி வயர் மட்டும் இருந்ததால் பாதியை மட்டும் செருகியிருப்பார்கள். 65 வாட் ப்ராசஸருக்கு அது ஓடியது. 142 வாட்டுக்கு அது சரியல்ல. பிளாஸ்டிக் பழுத்தோ உருகியோ இருந்தால் அதுவே பதில்.

சுவர் வரை போய்ப் பார்க்க வேண்டும். 600 விஏ யுபிஎஸ் என்பது பொதுவாக 360 வாட் தாங்கும். கணினியும் மானிட்டரும் முழு வேலையில் அதைத் தொட்டுவிடும். மின்சாரம் சீராக வரும்வரை யுபிஎஸ் வெறும் வழிப்பாதை, அதன் போதாமை தெரியாது. மின்னழுத்தம் சரிந்து அது பேட்டரிக்கு மாறும் கணத்தில்தான் திணறும். நம் பக்கம் பம்பு செட்டுகளும் குடியிருப்பும் ஒரே மின்மாற்றியில் தொங்கும் இடங்களில், மோட்டார்கள் ஓடும் நேரத்தில் விளக்கு மங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கணினி அணையும் நேரங்களை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். மாலையிலேயே குவிகிறதா? யுபிஎஸ் அந்த நேரத்தில் ‘டிக்’ என்று மாறுகிறதா? அப்படியென்றால் மின்சாரப் பணியாளரை அழைத்து அந்த நேரத்தில் மல்டிமீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வந்திருக்கும்போதே எர்த்தையும் பார்க்கட்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிங்கைச் சரிசெய்ய வேண்டும். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது என்றால் மீட்டர்கூடத் தேவையில்லை, எர்த் இல்லை. ஆள் உயிருக்கே ஆபத்தான விஷயம், கணினிக்காகக் காத்திருக்காதீர்கள்.

கூலரைப் பற்றி. 5800எக்ஸ் பெட்டியில் கூலர் வராது. தனியாக வாங்க வேண்டும் என்பதால்தான் பழையதை மாட்டியிருக்கிறார்கள். 2600-ஓடு வந்த ரெய்த் ஸ்டெல்த், 65 வாட் ப்ராசஸருக்கென்று செய்த சிறிய கூலர். அது போதாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அணைவதற்கு அதுவே முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். இந்தக் காலத்து ப்ராசஸர்கள் சூடேறினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. 5800எக்ஸுக்கு அந்த எல்லை 90 டிகிரி. வெப்பத்தைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ செயலியில் பாருங்கள்: ரெண்டர் தொடங்கியதும் 90-ஐத் தொட்டு அங்கேயே நின்று, வேகம் சரிந்துகொண்டே போனால் கூலர் போதவில்லை. 90-ஐத் தொடும் முன்பே அணைந்தால் வெப்பத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். சூடு அதிகம் என்றால் ப்ராசஸரைச் சுற்றியுள்ள, அதற்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் விஆர்எம் பகுதியும் வேகும். மலிவான பி450 போர்டுகளில் அதன் மேல் ஹீட் சிங்க்கே இருக்காது. அறுவடைக் காலத்தில் சாலையெல்லாம் நெல் காயும் ஊரில் தரையோடு ஒட்டி வைத்த கேபினட்டுக்குள் என்ன போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேசைக்கு மேலே ஏற்றி வையுங்கள்.

கூலரைக் கழற்ற வேண்டிவரும். அதில் ஒரு கவனம். உங்களுடையது போன்ற ஏஎம்4 சாக்கெட் ப்ராசஸரின் அடியில் 1331 ஊசிகள் இருக்கின்றன. கூலருக்கும் ப்ராசஸருக்கும் நடுவே தடவிய பழைய பேஸ்ட் இறுகியிருந்தால், கூலரை மேலே இழுக்கும்போது ப்ராசஸரும் சாக்கெட்டை விட்டுப் பிய்த்துக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்வயரைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி நெகிழ்த்திய பிறகே தூக்குங்கள். ப்ராசஸரை வெளியே எடுத்தால் ஊசி வரிசைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒன்று சாய்ந்திருந்தாலும், நடுவே பேஸ்ட் ஒட்டியிருந்தாலும், ஒரு ராம் ஸ்லாட் மட்டும் தகராறு செய்வதற்கு அது போதும். மறுபடி மாட்டும்போது நான்கு திருகுகளையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுந்தினால் பேஸ்ட் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

உங்கள் இரண்டு கேள்விகள். பழைய ப்ராசஸரைப் போடலாமா? சோதனைக்காகப் போடலாம், அது நல்ல சோதனையும்கூட. இப்போதைய பயாஸ் அதை ஆதரிக்கிறதா என்று மதர்போர்டு நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். புதியவற்றுக்கு இடம் வேண்டி மிகப் பழைய ப்ராசஸர்களை விட்டுவிட்ட பயாஸ்கள் உண்டு. அதே ராம் நான்கோடு பழைய ப்ராசஸரிலும் நீலத்திரை வந்தால் 5800எக்ஸ் நிரபராதி. மதர்போர்டை மாற்றலாமா? இப்போது வேண்டாம். ராம் சோதனை, ஈகோ மோட் சோதனை இரண்டும் முடியாமல் மதர்போர்டுக்குப் பணம் கொடுத்தால், அதே எஸ்எம்பிஎஸ்ஸோடு அதே தொல்லை புது போர்டிலும் வரும்.

செலவு செய்ய நேர்ந்தால் முதல் பணம் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு. 550 அல்லது 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்சிக்கனத் தரம், 12 வோல்ட்டில் 45 ஆம்பியருக்குக் குறையாதது, எட்டு ஊசி ப்ராசஸர் வயர் உள்ளது. இரண்டாவது, கோபுர வடிவக் கூலர். கேபினட்டின் அகலத்துக்கு அது பொருந்துமா என்று அளந்து வாங்குங்கள். யுபிஎஸ் மூன்றாவது, 1000 விஏ. இவற்றுக்குக் கையில் பணம் வரும்வரை ஈகோ மோடிலேயே வேலை பாருங்கள். அதிலும் உங்கள் பழைய 2600-ஐவிட வேகமாகவே ரெண்டர் முடியும். ராம் சரியாகிவிட்டது என்று உறுதியான பின் விண்டோஸை இன்னொரு முறை புதிதாக நிறுவுங்கள். கெட்ட ராமோடு நிறுவிய விண்டோஸை நம்ப முடியாது.

இத்தனைக்கும் பிறகு, தேர்ச்சி பெற்ற இரண்டு ராம், இயல்புநிலை பயாஸ், நல்ல எஸ்எம்பிஎஸ் எல்லாம் இருந்தும் டபிள்யூஎச்இஏ 18 வந்துகொண்டே இருந்தால் உங்கள் தாளை எடுங்கள். ஏபிஐசி எண்கள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக இருந்தால் இன்னும் ப்ராசஸரைக் குறைசொல்ல முடியாது. மதர்போர்டைப் பற்றிப் பேசலாம். ஒரே எண், அல்லது 6, 7 என்று அடுத்தடுத்த ஒரே இணை எண்கள் திரும்பத் திரும்ப வந்தால், ப்ராசஸரின் எட்டு கோர்களில் அந்த ஒரு கோர் பலவீனம். பயாஸில், ப்ராசஸர் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் கோர் பெர்ஃபார்மன்ஸ் பூஸ்ட்டை அணைத்ததும் தொல்லை நின்றுவிட்டால் அது உறுதி. பூஸ்ட்டை அணைத்தே காலம் தள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். பெட்டியோடு விற்ற ப்ராசஸருக்கு ஏஎம்டி 3 வருட உத்தரவாதம் தருகிறது. பெட்டியில்லாத ட்ரே வகை என்றால் விற்றவர் எழுதிக் கொடுத்ததுதான் உத்தரவாதம். பில்லில் என்ன போட்டிருக்கிறது என்று இன்றே பாருங்கள், நாள் கடந்துபோகக் கூடாது. ஈவென்ட் வியூவர் குறிப்புகளின் படங்களையும் மெம்டெஸ்ட் முடிவின் படத்தையும் கொண்டுபோனால் விற்றவர் பேச்சை மாற்ற வழியிருக்காது.

எஸ்எம்பிஎஸ் லேபிளின் படம், மதர்போர்டின் முழு மாடல் பெயர், மெம்டெஸ்ட் முடிவு, ஈகோ மோடில் ரெண்டர் முடிந்ததா இல்லையா என்ற செய்தி, இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். கூலர் எது வாங்கலாம், போர்டு இந்த ப்ராசஸரை நீண்ட நாள் தாங்குமா என்பதை அவற்றைப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.